சந்தையைக் காட்டுங்கள்!



சென்ற வாரம் தரமணியில் இஷா தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் நம்மை நிறுத்தினார். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். "ஹஜ்ரத், இலங்கைப் பிரச்சினைன்னா சிங்களவருக்கும் தமிழருக்கும் நடந்த சண்டைன்னுதான் படிச்சிருக்கோம். யாழ்ப்பாணத்துல முஸ்லிம்கள் இருந்தாங்களா என்ன?" என்று கேட்டார்.

நாம் வாய் திறப்பதற்குள், பக்கத்தில் நின்ற செருப்புக் கடை பெரியவர் பதில் சொல்லிவிட்டார். "இருந்தாங்க தம்பி. ரெண்டு மணி நேரத்துல இல்லாமப் போயிட்டாங்க."

அந்த இளைஞர் மீது தவறில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டது நாம். பாலஸ்தீனம் பற்றிப் பேசுகிறோம், போஸ்னியா பற்றிப் பேசினோம், பேசவும் வேண்டும். ஆனால் ராமேஸ்வரம் கரையில் நின்றால் கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க இடத்தில், நாம் பேசும் அதே தமிழைப் பேசுகிற ஒரு சமுதாயம் வேரோடு பிடுங்கப்பட்டதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லவில்லை. அவர்கள் எப்படி விரட்டப்பட்டார்கள் என்பது ஒரு பாடம். விரட்டப்பட்ட பிறகு மீண்டும் எழுந்து நிற்க ஏன் இவ்வளவு காலம் ஆனது என்பது அதைவிடப் பெரிய பாடம். இந்த இரண்டாவது பாடம் முழுக்க முழுக்க வியாபாரிகளுக்கும் இளைஞர்களுக்கும் உரியது. ஆகவேதான் இந்தத் தலையங்கம்.

இரண்டு மணி நேரம்

1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இலங்கையின் வட மாகாணத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் சில பகுதிகள், யாழ்ப்பாணம் என்று வரிசையாக ஊர்கள் காலியாயின. மன்னார் தீவில் இருந்தவர்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகுகளில் ஏறிக் கற்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாண நகரின் முறை வந்தது. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வண்டிகள் சோனகத் தெருவைச் சுற்றி வந்தன. எல்லோரும் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வர வேண்டும் என்றார்கள். ஏதோ கூட்டம் என்று போனவர்களிடம், இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. எதற்காக என்று கேட்டவர்களுக்கு மேலிடத்து உத்தரவு என்பதே விடை. வீடு, கடை, சரக்கு, நகை, பத்திரம் எதையும் எடுத்துப் போக வழியில்லை. சோதனைச் சாவடிகளில் பெண்களின் கழுத்திலும் காதிலும் இருந்ததும் பறிக்கப்பட்டது. கையில் சொற்பப் பணத்தோடும் மாற்றுத் துணியோடும் ஒரு நகரத்தின் முஸ்லிம் மக்கள் மாலைக்குள் தெருவில் நின்றார்கள். வசதி படைத்த வணிகர்கள் சிலர் பிடித்து வைக்கப்பட்டனர். அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

வட மாகாணம் முழுவதிலும் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம்.

இவர்கள் வந்தேறிகளா? பல நூற்றாண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். இலங்கை ஆட்சிப் பணிக்குத் தேர்வான முதல் முஸ்லிமும், கொழும்பு ஸாஹிரா கல்லூரியை 1948 முதல் 1961 வரை தலைமையேற்று நடத்தியவருமான அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911ல் பிறந்தது யாழ்ப்பாணத்தில். குர்ஆன் மதரஸாவில் ஓதிவிட்டு அவர் படிக்கப் போனது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கு. அப்படி ஒரு நகரமாக இருந்தது அது! சோனகத் தெருவில் பாங்கு ஒலிக்கும், பக்கத்துத் தெருவில் கோயில் மணி ஒலிக்கும். தையல் கடையும் இரும்புக் கடையும் லாரி வியாபாரமும் முஸ்லிம்கள் கையில். வாடிக்கையாளர் பெரும்பாலும் தமிழ் இந்துக்களும் கிறிஸ்தவர்களும். அண்டை வீட்டுத் தமிழ்த் தாய்மார்கள் அழுதபடி வழியனுப்பினார்கள் என்பதையும் பாதிக்கப்பட்டவர்களே சொல்லியிருக்கிறார்கள். துப்பாக்கிக்கு முன்னால் அந்தக் கண்ணீரால் எதுவும் செய்ய முடியவில்லை.

பட்டியலில் வராத நஷ்டம்

வியாபாரிகளே! இங்கே நிதானமாக யோசியுங்கள்.

ஒரு கடைக்காரர் ஊரை விட்டு விரட்டப்பட்டால் அவர் இழந்தது என்ன? அரசு அதிகாரி வந்து பட்டியல் எடுப்பார். கட்டடம் இவ்வளவு, அலமாரி இவ்வளவு, சரக்கு இவ்வளவு என்று எழுதுவார். இவை கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். என்றாவது ஒருநாள் அதில் பாதியோ கால்வாசியோ நிவாரணமாக வரலாம்.

ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத நஷ்டம் ஒன்று உண்டு. ஊரில் நூறு வீட்டில் நிற்கும் கடன் பாக்கி. கடைசி நாளில் கைவிட்டுப் போன பற்று வரவு நோட்டு. கொழும்பிலிருந்து கடனுக்குச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரி, 'இவர் சொன்ன தேதியில் கொடுப்பார்' என்று வைத்திருந்த நம்பிக்கை. அப்பா காலத்திலிருந்து வந்த வாடிக்கை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க வேறு கடைக்குப் போகாத குடும்பங்கள். கையோடு தொழில் கற்றுக்கொண்டிருந்த பையன்கள். இவற்றுக்கெல்லாம் சேர்த்து நம் ஊரில் ஒரு சொல் உண்டு. அதுதான் நாணயம். ஒரு வியாபாரியின் உண்மையான முதல் அதுதான். காசு இல்லாதவன் நாணயத்தை வைத்துக் கடை நடத்திவிடுவான். நாணயத்தை இழந்தவன் கையில் காசிருந்தும் தடுமாறுவான்.

புத்தளத்துக்குப் போன யாழ்ப்பாணத்து வியாபாரியின் நாணயத்துக்கு யார் சாட்சி? அவரை அறிந்த ஊர் அவரிடம் இல்லை. அவரிடம் இருக்கும் ஊருக்கு அவரைத் தெரியாது. நேற்று வரை பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுத்தவர் இன்று உப்பளத்திலும் தென்னந்தோப்பிலும் கூலிக்கு நிற்கிறார். ஓர் இனத்தை ஊரிலிருந்து அகற்றுவது என்றால் வீட்டைப் பறிப்பது மட்டுமல்ல. ஒரு மனிதனின் சொல்லுக்கு இருந்த மதிப்பைப் பறிப்பது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

விரட்டிய ஊருக்கும் லாபமில்லை. தையல்காரர், இறைச்சிக் கடைக்காரர், பழைய இரும்பு வாங்குபவர், சரக்கு லாரிக்காரர் எல்லோரும் ஒரே நாளில் போய்விட்டால் மீதியிருக்கும் மக்கள் எங்கே போவார்கள்? ஏற்கெனவே போரில் நொந்து கிடந்த யாழ்ப்பாணத் தமிழ் மக்கள் அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமந்தார்கள்.

பழைய அகதி, புதிய அகதி

2002ல் போர் நிறுத்தம் வந்தது. ஏப்ரல் மாதம் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று புலிகளின் தரப்பில் அன்டன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அடுத்த சில நாட்களில் பிரபாகரனும் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் சந்தித்தனர். முஸ்லிம்கள் திரும்பி வரலாம் என்று பேசப்பட்டது. சிலர் நம்பிப் போய்ப் பார்த்தார்கள். மீண்டும் போர் மூண்டது.

2009 மே மாதம் போர் முடிந்தது. இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார்கள். அங்கேதான் அரசாங்கம் ஒரு வேடிக்கை காட்டியது. 2008க்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதிய அகதிகள்', அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் 'பழைய அகதிகள்'. வீடும் உதவியும் முதலில் புதியவர்களுக்கு! இறுதிப் போரில் நசுங்கி முகாம்களில் அடைபட்டிருந்த தமிழ் மக்களுக்கு உடனடி உதவி தேவைப்பட்டது உண்மை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டுகள் ஓலைக் குடிசையில் காத்திருந்தவன் 'பழையவன்' என்பதாலேயே வரிசையில் கடைசிக்குத் தள்ளப்பட்டது என்ன நீதி? இந்தியா அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்திலும் தங்களுக்கு உரிய பங்கு வரவில்லை என்று வட மாகாண முஸ்லிம்கள் முறையிட்டார்கள்.

திரும்பிப் போனவர்கள் கண்டது என்ன? கூரையில்லாத சுவர்கள். வீட்டுக்குள் வளர்ந்த மரங்கள். தங்கள் காணியில் வேறொருவர் குடியிருப்பு. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில் வேறு சோதனை. இருபது ஆண்டுகள் ஆள் நடமாட்டம் இல்லாத ஊரில் காடு மண்டியது. அந்தக் காட்டைப் பார்த்து 2012ல் அரசு அதை வனப் பகுதியாக அறிவித்தது. தன் பாட்டன் நிலத்தில் குடிசை போட வந்தவனுக்குக் 'காட்டை அழிப்பவன்' என்று பட்டம் கிடைத்தது!

இன்னொன்றையும் கேளுங்கள். ஒருவர் நிலத்தில் இன்னொருவர் தடையில்லாமல் பத்து ஆண்டுகள் இருந்துவிட்டால் உரிமை கோரலாம் என்பது இலங்கைச் சட்டம். துப்பாக்கி முனையில் விரட்டப்பட்டவன் எப்படி வந்து தடுப்பான்? போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் காலக் கணக்கு பொருந்தாது என்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது 2016ல். வெளியேற்றம் நடந்து 26 ஆண்டுகள் கழித்து!

இப்படி வீட்டுக்குப் போய்ப் பதிந்தவர்களில் பலர் மீண்டும் புத்தளத்துக்கே திரும்பினார்கள். காரணம் பயம் மட்டுமல்ல. அங்கே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கடையோ கூலி வேலையோ இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சுவர் இருக்கிறது, பிழைப்பு இல்லை. தலைமுறையே மாறிவிட்டது. புத்தளத்தில் பிறந்த பையனுக்கு யாழ்ப்பாணம் வாப்பா சொல்லும் கதை.

மதீனா காட்டிய வழி

புத்தளத்து மக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நாம் நன்றி கெட்டவர்கள். 1990ல் எழுபதாயிரம் பேர் வந்து இறங்கியபோது பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். சோறு சமைத்துக் கொடுத்தார்கள். காணி கொடுத்தவர்களும் உண்டு. அவர்களும் ஏழைகள்தான். ஆனால் மாதங்கள் ஆண்டுகளாயின. கூலி வேலைக்குப் போட்டி வந்தது. பள்ளிக்கூடத்தில் இடம், பல்கலைக்கழகத்தில் இடம், தண்ணீர், வாக்குச் சீட்டு எல்லாவற்றிலும் உரசல் வந்தது. 'அகதி' என்ற சொல்லே ஒரு வசைச் சொல்லாக மாறியது. ஒரே கலிமா, ஒரே மொழி, ஆனாலும் உரசல்!

ஏன்? விருந்தோம்பல் சில வாரங்களுக்குத் தாங்கும். சில மாதங்களுக்கும் தாங்கும். முப்பது ஆண்டுகளுக்கு அது மட்டும் தாங்காது. வந்தவன் கை ஏந்துபவனாகவே இருந்தால் கொடுப்பவனுக்கும் சலிப்பு வரும், வாங்குபவனுக்கும் அவமானம் வரும்.

மதரஸாவில் நாம் சிறுவயதில் படித்த ஒரு சரித்திரத்தை இங்கே நினைவுபடுத்த வேண்டும். மக்காவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த முஹாஜிர்களை, மதீனாவின் அன்சாரிகளோடு ஆளுக்கு ஆள் சகோதரர்களாக இணைத்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த சகோதரர் ஸஅத் பின் ரபீஃ (ரலி). தம் செல்வத்தில் சரிபாதியைத் தருகிறேன் என்றார் ஸஅத். எவ்வளவு பெரிய மனம்! அதற்கு அப்துர் ரஹ்மான் என்ன செய்தார்? ஸஅதுக்காக துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு எது வழி என்று கேட்டார். பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்று லாபம் கொண்டுவந்தார். பிற்காலத்தில் மதீனாவின் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக, தர்மத்தில் முந்துபவராக வாழ்ந்தார்.

இந்தச் சம்பவத்தை மேடைகளில் சொல்லும்போது ஸஅதின் தாராள மனதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறோம். அப்துர் ரஹ்மானின் கேள்வியை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். இரண்டும் சேர்ந்தால்தான் பாடம் முழுமை! கொடுப்பவனிடம் பாதிச் செல்வத்தையும் தரும் மனம் வேண்டும். பெறுபவனுக்குச் சந்தைக்கு வழி வேண்டும். அந்தச் சந்தையும் எல்லோருக்கும் திறந்த சந்தையாக இருக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் ஒரு சந்தை இடத்தை ஏற்படுத்தி, அங்கே யாரும் நிரந்தரமாக இடம் பிடிக்கக் கூடாது, வரி வசூலிக்கக் கூடாது என்று ஆக்கியதாகச் சரித்திர ஆசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். அகதி வாழ்வு அனுபவித்த சமுதாயத்துக்குப் பள்ளிவாசலுக்கு அடுத்து அவர்கள் கவனித்த விஷயங்களில் ஒன்று சந்தை!

போஸ்னியாவில் நடந்தது

1992 முதல் 1995 வரை போஸ்னியாவில் நடந்த கொடுமைகளை அன்றைய இளைஞர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்ஸாவில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் கையெழுத்தான டேட்டன் ஒப்பந்தத்தில், விரட்டப்பட்டவர்கள் சொந்த வீட்டுக்குத் திரும்பவும் சொத்தைத் திரும்பப் பெறவும் உரிமை உண்டு என்று எழுதினார்கள். எழுதியதோடு நிற்கவில்லை. சர்வதேச அதிகாரிகள் நெருக்கி நின்று, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட சொத்து மனுக்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தீர்த்து வைத்தார்கள். இலங்கையில் நடக்காதது அங்கே நடந்தது.

ஆனால் சாவியை வாங்கியவர்களில் ஏராளமானோர் என்ன செய்தார்கள் தெரியுமா? வீட்டை விற்றுவிட்டு, தங்கள் இனத்தவர் அதிகம் உள்ள ஊருக்குப் போய்விட்டார்கள். பழைய ஊரில் வேலை கொடுக்க யாருமில்லை. வீடு கிடைத்தது, ஊர் கிடைக்கவில்லை.

அதே நாட்டில் பிர்ச்கோ என்ற ஊருக்கு அருகே வேறொன்றும் நடந்தது. போர் முடிந்த கையோடு, அமைதிப் படையின் சோதனைச் சாவடியை ஒட்டிய சாலையோரத்தில் ஒரு சந்தை முளைத்தது. அரிசோனா சந்தை என்று பெயர். நேற்று வரை ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த செர்பியர், குரோஷியர், போஸ்னிய முஸ்லிம்கள் மூவரும் அங்கே வந்து பேரம் பேசினார்கள். எந்த மாநாட்டுத் தீர்மானமும் அவர்களை அங்கே கூட்டவில்லை. ஒருவனிடம் மாடு இருந்தது, இன்னொருவனிடம் எண்ணெய் இருந்தது. பின்னாளில் கள்ளக் கடத்தலும் மானக்கேடான தொழில்களும் அங்கே புகுந்து அந்தச் சந்தை கெட்ட பெயர் வாங்கியதையும் மறைக்கக் கூடாது. கண்காணிப்பும் சட்டமும் இல்லாத சந்தை அப்படித்தான் ஆகும். ஆனாலும் பகைவர்கள் முதலில் முகம் பார்த்துப் பேசும் இடம் கடைவாசல்தான் என்பதற்கு அது ஒரு சாட்சி.

நீதி என்றால் எல்லோருக்கும்

இங்கே சில இளைஞர்களின் ரத்தம் கொதிக்கலாம். 'தமிழர்கள் நம்மை விரட்டினார்கள்' என்று சொல்லக் கிளம்பலாம். நிதானம் தேவை! விரட்டியது ஓர் ஆயுத இயக்கம். அதை அன்றே கண்டித்து ஆவணப்படுத்தியவர்களில் மனித உரிமைகளுக்கான யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் தமிழர்கள். பின்னாளில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம்.ஏ. சுமந்திரன், அது இனச் சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரும் தமிழர்.

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 2009ல் முள்ளிவாய்க்காலில் தமிழ் மக்கள் பூச்சிகளைப் போலக் கொல்லப்பட்டார்கள். இதற்காக அழாத கண் முஸ்லிமின் கண்ணாக இருக்க முடியாது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்லும் நாம், அதே காலத்தில் கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் சிலர் தமிழ்க் கிராமங்களில் செய்த அட்டூழியங்களையும் சொல்லியாக வேண்டும். நமக்கு ஒரு தராசு, பிறருக்கு ஒரு தராசு என்று வைத்தால் நாம் வியாபாரத்திலும் தேற மாட்டோம், மறுமையிலும் தேற மாட்டோம்.

அதே உரிமையோடு தமிழகத்து மேடைகளையும் கேட்கிறோம். ஈழத்துக்காக முழங்கும் அண்ணன்மார்களே! தமிழ் பேசிய எழுபதாயிரம் பேரை ஊரை விட்டுத் துரத்தியது உங்கள் உரைகளில் ஏன் ஒரு வரியாகக் கூட வருவதில்லை? தவறு செய்தவர்களே வருத்தம் தெரிவித்துவிட்டார்கள். உங்களுக்கு மட்டும் என்ன தயக்கம்? உண்மையைச் சொல்வதால் தமிழர் போராட்டத்தின் நியாயம் குறையாது. மறைப்பதால்தான் குறையும்.

நம் தெருவுக்கு என்ன செய்தி?

'அது கடல் தாண்டிய கதை' என்று நினைப்பவர்கள் கோவையை நினைத்துப் பாருங்கள். 1997 நவம்பர் 29ல் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டார். அது கொலை, அதில் இரண்டு கருத்தில்லை. அடுத்து வந்த நாட்களில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. 1998 பிப்ரவரி 14ல் வெடித்த குண்டுகள் 58 உயிர்களைக் குடித்தன. பழிவாங்கினோம் என்று நினைத்த பாவிகள் சமுதாயத்துக்குக் கொடுத்தது என்ன? எரிந்த கடைகளுக்காகக் கேட்கப்பட வேண்டிய நீதியும் அந்தப் புகையில் மறைந்துபோனது. ஒன்றுமறியாத பிளாட்பார வியாபாரி பிழைப்பையும் இழந்து, அண்டை அயலாரின் நம்பிக்கையையும் இழந்து நின்றான். மீண்டும் எழ எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதைக் கோட்டைமேட்டில் போய்க் கேளுங்கள்.

இலங்கையிலும் 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன என்று முஸ்லிம்களின் கடைகளே குறிவைக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21ல் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வைத்து 250க்கும் மேற்பட்ட அப்பாவிகளைக் கொன்ற கூட்டம், இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிச் செய்த அந்தக் கொடுமைக்குப் பின், எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம் வியாபாரிகள் புறக்கணிப்பையும் தீ வைப்பையும் சந்தித்தார்கள். ஒரு கயவன் கூட்டம் செய்கிற பாவத்துக்கு ஓராயிரம் கடைக்காரர்கள் வட்டி கட்டுகிறார்கள் என்பதை நம் இளைஞர்கள் ஒருபோதும் மறக்கக் கூடாது.

ஆகவே நம் மஹல்லாக்கள் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு.

முதலாவது, காகிதம். யாழ்ப்பாணத்துச் சகோதரர்கள் இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது 'இது என் வீடு' என்று நிரூபிக்கத் திண்டாடினார்கள். உங்கள் கடை வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? பத்திரம் வாப்பா பெயரிலேயே கிடக்கிறதா, வாரிசுகள் பெயருக்கு மாறிவிட்டதா? வியாபார உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு, சரக்குக் கணக்கு எல்லாம் சரியாக உள்ளனவா? கணினி படித்த இளைஞர்களே, ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் பள்ளிவாசல் திண்ணையில் உட்காருங்கள். பெரியவர்களின் பத்திரங்களைப் படியெடுத்துப் பத்திரப்படுத்திக் கொடுங்கள். இதுவும் ஸதகாதான்.

இரண்டாவது, முதல். ரமளானில் ஒரு சேலை, ஒரு அரிசிப் பை என்று ஸகாத்தைப் பிரித்துக் கொடுத்தால் வாங்கியவர் அடுத்த ரமளானிலும் அதே வரிசையில் நிற்பார். மஹல்லாவின் பைத்துல்மாலில் அதைச் சேர்த்து, தகுதியான ஒருவருக்குத் தள்ளுவண்டியோ தையல் இயந்திரமோ வாங்கிக் கொடுங்கள். அவர் ஸகாத் கொடுப்பவராக மாறும் நாளைக் கண்ணால் பார்க்கலாம். வட்டியில்லாக் கடன் நிதி வைத்திருக்கும் ஜமாஅத்துகள் அதைப் பெருக்குங்கள். இல்லாத ஜமாஅத்துகள் தொடங்குங்கள். இன்சூரன்ஸ் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கலாம். அப்படியானால் கடை எரிந்தவனைத் தூக்கி நிறுத்தக் கூட்டு நிதி வைப்பது நம் மீது இரட்டிப்புக் கடமையாகிறது. தீப்பிடித்த பிறகு துண்டேந்தி வசூலுக்கு வருவதை எத்தனை காலம் செய்வது?

மூன்றாவது, வாசல். நம் கடை நம் ஆட்களுக்கு மட்டும் என்று ஒதுங்கினால் நாமே நம்மைச் சிறையில் வைத்துக்கொள்கிறோம். வட்டார வணிகர் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். பொறுப்புக்கு வாருங்கள். வேற்று மதத்துப் பையனை வேலைக்கு வையுங்கள். உங்கள் பிள்ளையை அவர்கள் கடையில் தொழில் பழக அனுப்புங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பக்கத்துக் கடைக்காரரின் ஷட்டரைத் திறக்க ஒரு கை கொடுங்கள். எடையில் சுத்தம், சொல்லில் சுத்தம் வையுங்கள். கலவரக்காரன் தெருவுக்கு வரும் நாளில் கடை வாசலில் வந்து நிற்கப் போவது நம்மோடு இருபது ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் வைத்த அண்டைக் கடைக்காரர்தான். யாழ்ப்பாணத்தில் அண்டை வீட்டாரின் கண்ணீருக்கு வலு இல்லாமல் போனது. அந்தக் கண்ணீர் வலுப்பெற வேண்டுமானால், துப்பாக்கியும் தீப்பந்தமும் வருவதற்கு முன்பே நாம் ஒன்றாகச் சங்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான்காவது, நினைவு. அக்டோபர் மாத ஜும்ஆ ஒன்றிலாவது வட மாகாண முஸ்லிம்களைப் பற்றிப் பேசுங்கள். வெறுப்பை வளர்க்க அல்ல. ஊரை இழந்தவன் யாராக இருந்தாலும் அவன் ஊருக்குத் திரும்பும் உரிமை பெற்றவன் என்பதை நம் பிள்ளைகள் நெஞ்சில் எழுத. கொழும்பிலும் காலியிலும் தொழில் செய்த பாட்டன்மார்களைக் கொண்ட காயல்பட்டினம், கீழக்கரைச் சகோதரர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் மீண்டும் கடை திறக்கும் ஒருவருக்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்க ஒரு மொத்த வியாபாரி முன்வந்தால், பத்து மாநாட்டுத் தீர்மானங்களைவிட அது மேல்.

அந்தத் தரமணி இளைஞர் நாம் சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நாம என்ன ஹஜ்ரத் செய்ய முடியும்?" என்று கேட்டார். செருப்புக் கடை பெரியவர் சிரித்தார். "முதல்ல என் கடைப் பத்திரத்தை வந்து பாரு தம்பி. எங்க வாப்பா பேருலதான் இன்னும் இருக்கு" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவதாக இளைஞர் சொல்லியிருக்கிறார்.

ஆம், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்!

யா அல்லாஹ்! ஊரிழந்தோர் அனைவருக்கும், அவர்கள் எந்த இனத்தவராக இருந்தாலும், அவர்களின் ஊரைத் திருப்பிக் கொடுப்பாயாக. கை ஏந்தும் நிலையிலிருந்து அவர்களைக் கை கொடுக்கும் நிலைக்கு உயர்த்துவாயாக. எங்கள் தெருக்களில் அமைதியையும், எங்கள் வியாபாரத்தில் நேர்மையையும் பரக்கத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன்.